மூன்று மில்லிமீட்டர் மானம்

2019 பிப்ரவரி 12, செவ்வாய்க்கிழமை. மர ஆலைச் சாலை 27-ஆம் எண் கட்டிடத்தின் தரைத்தளத்தில், ஒட்டுப்பலகைத் தடுப்பு ஒன்றின் இரு புறமும், இரண்டு கிட்டார்களின் மேல்பலகைகளுக்கு உள்கட்டைகள் ஒட்டப்பட்டன. இரண்டும் ஒரே ஆள் வாசிப்பதற்காக.

அந்த ஆளுக்குத் தெருவில் கிட்டார்காரி என்று பெயர். பன்னிரண்டு மாணவர்களுக்கு வாசிக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். அவர்களில் நான்கு பேர் பெற்றோரின் வற்புறுத்தலுக்காக வருபவர்கள். வானொலி நிலையத்தின் நிரந்தர வாத்தியக் குழுவில் கிட்டாருக்கு ஒரே ஓர் இடம் உண்டு. அது பதினொரு வருடம் கழித்துக் காலியாகியிருந்தது. வயது வரம்பு முப்பத்தைந்து. தேர்வு மே 2. அன்று அவளுக்கு முப்பத்தைந்து நிறைய இரண்டு வாரம் இருக்கும். அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்ல அவளுக்கு அடுத்த தடவை கிடையாது.

அவளுடைய பழைய கிட்டார் ஜனவரியில் மாடிப்படியில் உருண்டு கழுத்து முறிந்தது. ஒட்டினார்கள், நிற்கவில்லை. புதிது வேண்டும். கடையில் வாங்கியிருக்கலாம். ஆனால் அவள் அப்பா கிட்டார் செய்பவர், மாமனாரும் கிட்டார் செய்பவர். வீட்டில் இரண்டு சமையல்காரர்களை வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டில் தட்டேந்த முடியுமா?

அப்பாவும் மாமனாரும் பத்தொன்பது வருடம் கூட்டாளிகள். ஒரே வேலைமேசை, ஒரே பசைச் சட்டி, ஒருவரை ஒருவர் ‘டேய்’. பிள்ளைகளுக்குக் கல்யாணம் ஆனதும் ‘டேய்’ போய்ச் ‘சம்பந்தி’ வந்தது, ‘நீ’ போய் ‘நீங்க’ வந்தது. மரியாதை வந்த மறு வருடமே சண்டையும் வந்தது. சொத்துக்காக இல்லை, சீர்வரிசைக்காக இல்லை. கட்டையைக் குடைவதா, குடையாமல் விடுவதா என்பதற்காக.

இதைக் கொஞ்சம் விளக்கவேண்டும். கிட்டாரின் மேல்பலகை மூன்று மில்லிமீட்டர் கனம்கூட இருக்காது. ஆறு கம்பிகளும் சேர்ந்து ஒரு நல்ல ஆளின் எடைக்கு அதை இழுத்துக்கொண்டிருக்கும். பலகை மடங்காமல் இருக்க, அதன் அடியில் பெருக்கல் குறி போல இரண்டு கட்டைகளும், அவற்றைச் சுற்றிச் சிறியதாக இன்னும் சிலவும் ஒட்டப்படும். பிரேஸ் என்பார்கள், இந்தப் பட்டறையில் உள்கட்டை. கட்டை கனத்தால் பலகை அசையாது, ஒலி வராது. கட்டை மெலிந்தால் ஒலி கொட்டும், ஒரு நாள் பலகையும் கொட்டிவிடும். நடுவே எங்கே நிறுத்துவது என்பதுதான் தொழில்.

அதில் இரண்டு வழி உண்டு. கட்டையை நடுவில் கிண்ணம் போலக் குடைந்து, பிறகு ஒரு மேடு விட்டு, முனையில் இறக்குவது ஒன்று. அப்படிச் செய்தால் அடிக்கம்பிகள் நெஞ்சில் இறங்கும், ஒலி விரிந்து பரவும். குடையாமல், பெருக்கல் குறியின் நடுவிலிருந்து முனை வரை ஒரே சரிவாக இறக்குவது மற்றொன்று. அப்படிச் செய்தால் ஒவ்வொரு சுரமும் தன் இடத்தில் தெளிவாக நிற்கும், ஒன்றின்மேல் ஒன்று வழியாது. இரண்டும் நல்ல வழிகள். உலகம் முழுவதும் இதை ஒப்புக்கொள்கிறார்கள், 27-ஆம் எண் கட்டிடத்தைத் தவிர. அங்கே அப்பா குடைபவர், மாமனார் நேராகச் சரிப்பவர். மரக்கடைக்காரர் இருவருக்கும் பெயர் வைத்தார்: பள்ளத்தார், நேர்கோட்டார். தடுப்பு எழுந்தது அதற்கு அப்புறம்தான்.

தடுப்பு ஆறு மில்லிமீட்டர் ஒட்டுப்பலகை. அதற்கு உள்கட்டை எதுவும் இல்லாததால், இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் அதிர்ந்தது.

கட்டையைச் சீவிக்கொண்டிருக்கும்போது பலகையை விரலால் தட்டிக் கேட்பார்கள். பள்ளத்தார் தட்டினால் நேர்கோட்டாரின் உளி நிற்கும்.

“என்ன சம்பந்தி, கதவைத் தட்றீங்களா? திறந்துதான் இருக்கு.”

“தட்டினா பதில் சொல்ற பலகை என்னோடது. உங்களது எப்படி, வாயைத் திறக்குமா?”

“திறக்கும். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லும். உங்களது மாதிரி ஊர்க்கதை பேசாது.”

“பேசுறதுக்கு அதுக்கு மூச்சு வேணுமே! நீங்க ஏத்தி வச்சிருக்கிற கட்டையில ஒரு வீட்டுக்கு நிலைவாசல் வைக்கலாம்.”

“நீங்க சீவித் தள்ளுன சீவல்ல ரெண்டு வீட்டுக்கு அடுப்பு எரிக்கலாம்.”

ஏப்ரல் முதல் வாரத்தில் இரண்டு கிட்டார்களுக்கும் கம்பி கட்டியாயிற்று. வேலை முடிந்தது என்று வேறு யாராவது நினைத்திருப்பார்கள். கம்பி கட்டிய பிறகும், தந்திகளைத் தளர்த்திவிட்டு ஒலித்துளை வழியாகக் கையை முழங்கை வரை உள்ளே விட்டு, கட்டைவிரல் அளவு இழைப்புளியால் கட்டையைத் தடவித் தடவிச் சீவலாம் என்று ஓர் ஏற்பாடு உண்டு. கண்ணுக்குத் தெரியாது, விரல்தான் கண். சீவியதும் கிட்டாரைக் கவிழ்த்து உதறினால் சீவல் விழும். இதற்கு முடிவு கிடையாது. கிட்டார்காரி தினம் மாலை வந்து இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்தாள். இரண்டு பேரும் பசுவுக்குப் பிரசவம் பார்ப்பவர்கள் போலக் கையை உள்ளே விட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார்கள்.

“அப்பா, முடிஞ்சுதா?”

“இன்னும் ஒரே ஒரு சீவல்மா.”

“மாமா, உங்களது?”

“முடிஞ்சு போச்சு. உப்புத்தாள் மட்டும் ஒரு தேய்ப்பு.”

இரண்டு வாரமாக இதே பதில். தேர்வுக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது அவள் தடுப்பின் முனையில், இருவருக்கும் தெரியும்படி நின்றுகொண்டாள்.

“நாளைக்கு நாலு மணிக்கு ரெண்டையும் வீட்டுக்குக் கொண்டு வாங்க. துணிக்குப் பின்னாடி உக்காந்து ரெண்டையும் வாசிப்பேன். எது யாரோடதுன்னு சொல்ல மாட்டேன். ரெண்டு பேரும் எதை நல்லா இருக்குன்னு சொல்றீங்களோ அதை எடுத்துக்கிட்டுப் போறேன். தோத்தவங்க அதுக்கப்புறம் வாயைத் திறக்கக் கூடாது.”

“ரெண்டு பேரும் வேற வேற சொன்னா?” என்றார் பள்ளத்தார்.

“கடைக்குப் போயிடுவேன்.”

பத்தொன்பது வருடக் கூட்டாளிகள் அன்றுதான் வெகுநாள் கழித்து ஒரே கருத்தில் இருந்தார்கள். இரண்டு பேரும் வெளிறிப்போனார்கள்.

ஏப்ரல் 21, ஞாயிறு. நேர்கோட்டார் வீட்டுக் கூடத்தில், ஜன்னல் கம்பிக்கும் அலமாரிக்கும் இடையே கொடி கட்டிப் படுக்கை விரிப்பைத் தொங்கவிட்டார் கிட்டார்காரியின் கணவர். அவர் பல் மருத்துவர். அப்பா பக்கமா, மாமனார் பக்கமா என்று யார் கேட்டாலும் “எனக்கு வாய்க்குள்ள மட்டும்தான் அபிப்பிராயம்” என்று சொல்லித் தப்பித்துவந்தவர். துணிக்கு இந்தப் பக்கம் மூன்று நாற்காலிகள்: பள்ளத்தார், நேர்கோட்டார், நடுவே சண்டை வந்தால் பிரித்துவிட நேர்கோட்டாரின் மனைவி.

கிட்டார்காரி ஒரே பாட்டை இரண்டிலும் வாசித்தாள். மறுபடி ஒரு தடவை. பள்ளத்தார் கண்ணை மூடிக் கேட்டார். நேர்கோட்டார் கண்ணைத் திறந்து வைத்திருந்தார், ஆனால் எதையும் பார்க்கவில்லை.

“சொல்லலாம்” என்றது துணி.

“இதுல சொல்ல என்ன இருக்கு?” பள்ளத்தார் எழுந்தே விட்டார். “ரெண்டாவதுதான். அந்த அடிக்கம்பியைக் கேட்டீங்களா? கிணத்துல கல்லைப் போட்ட மாதிரி! விழுந்ததுக்கு அப்புறமும் கீழே போய்க்கிட்டே இருக்கு. இந்த ஆழம் கட்டையைக் குடையாம வரவே வராது. கழுதையா கத்தினாலும் வராது.”

“ரெண்டாவதுங்கிறதுல எனக்கும் சந்தேகம் இல்லை” என்றார் நேர்கோட்டார் நிதானமாக. “ஒவ்வொரு சுரமும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க மாதிரி வரிசையில நிக்குது. ஒண்ணு மேல ஒண்ணு சாயலை. இது நேர்க்கட்டை. குடைஞ்சு வச்சா இந்த ஒழுங்கு வராது.”

நேர்கோட்டாரின் மனைவி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். “ரெண்டு பேரும் ஒரே கிட்டாரைத்தானே சொல்றீங்க? ஒருத்தர் கிணறுங்கறாரு, ஒருத்தர் பள்ளிக்கூடம்ங்கறாரு.”

“உனக்கு எது?” என்றார் நேர்கோட்டார்.

“எனக்கு ரெண்டும் கிட்டாருங்க.”

துணி இறங்கியது. அவள் மடியில் இருந்த இரண்டாவது கிட்டார் நேர்கோட்டாருடையது.

பள்ளத்தார் சற்று நேரம் அதையே பார்த்தார். பிறகு தன் கிட்டாரைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பினார். “நல்லா இருக்கு சம்பந்தி. நிஜமாவே நல்லா ஆழமா இருக்கு” என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த இருவருக்குள் தடுப்பு எழுந்த பிறகு பேசப்பட்ட ஒரே நல்ல வார்த்தை அதுதான். எல்லாக் கேடும் அதில்தான் தொடங்கியது.

கிட்டார்காரி மறுநாளே பயிற்சியைத் தொடங்கினாள். நேர்கோட்டார் கிட்டாரின் கழுத்தை அவள் உள்ளங்கையை அளந்து இழைத்திருந்தார். மூன்றே நாளில் கை அதற்குப் பழகியது. வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது. நேர்கோட்டாரின் தட்டில் மட்டும் சாப்பாடு அப்படியே இருந்தது.

“ஜெயிச்ச மனுஷன் மூஞ்சியா இது?” என்றார் மனைவி. “தோத்தவர் அங்க நல்லா சாப்பிட்டுக்கிட்டு இருப்பார்.”

“அவர் என்ன சொன்னார்னு நீ கேட்டியா?”

“நல்லா இருக்குன்னாரு.”

“ஆழமா இருக்குன்னாரு. என் கிட்டாரை. கிணறுன்னாரு.”

“அதுக்கென்ன? நல்ல வார்த்தைதானே?”

நேர்கோட்டார் தட்டைத் தள்ளி வைத்தார். “நம்ம பையனைப் பார்த்து ஒருத்தன், ‘அடடா, பையன் லட்சணமா இருக்கான், அப்படியே பக்கத்து வீட்டுக்காரர் ஜாடை’ன்னு சொன்னா, அது பாராட்டா?”

மனைவி சொம்பைக் கீழே வைத்தார். “வாய் இருக்குன்னு எதையும் பேசாதீங்க. பையன் உள்ளதான் இருக்கான்.”

பையன் உள்ளேதான் இருந்தார். அபிப்பிராயம் ஏதும் சொல்லவில்லை.

நேர்கோட்டாரின் வாதம் எளிமையானது. நேர்க்கட்டைக்கு ஆழம் வராது என்று அவர் இருபது வருடமாகச் சொல்லிவருகிறார். ஆழம் என்பது ஒழுங்கில்லாத கிட்டார்கள் செய்யும் கூச்சல் என்றும் சொல்லிவருகிறார். அவர் கிட்டாரில் ஆழம் கேட்டதென்றால் இரண்டில் ஒன்றுதான். அவர் சொன்னது தப்பாக இருக்கவேண்டும், அல்லது கிட்டார் தப்பாக இருக்கவேண்டும். முதலாவதை அவர் பரிசீலிக்கவில்லை.

ஏப்ரல் 26, வெள்ளி முற்பகல், கிட்டார்காரி வெளியே பாடம் சொல்லிக்கொடுக்கப் போயிருந்தாள். அவர் கிட்டாரைப் பட்டறைக்கு எடுத்துப்போனார். கம்பிகளைத் தளர்த்தினார். சீவிய மரத்தைத் திரும்ப வைக்க முடியாது. இந்தத் தொழிலில் கழித்தல் உண்டு, கூட்டல் கிடையாது. ஆனால் மேலே வேறு மரத்தை ஒட்டலாம். ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரத்தில் விரல் நீளத்துக்கு இரண்டு பட்டைகள் இழைத்தார், மூன்று மில்லிமீட்டர் உயரம். விலங்குத் தோலைக் காய்ச்சி எடுக்கும் வஜ்ஜிரப் பசையைச் சூடாக்கித் தடவி, ஒலித்துளை வழியாக விட்டு, பெருக்கல் குறியின் கீழ்க்கால்கள் இரண்டின் முதுகிலும் பொருத்தினார். திருகு முட்டு வைத்து முறுக்கினார்.

கட்டையின் விறைப்பு அதன் உயரத்தை மூன்று தடவை எழுதி ஒன்றோடொன்று பெருக்கினால் வரும் கணக்கில் ஏறும். பதினைந்து மில்லிமீட்டர் உயரமுள்ள இடத்தில் மூன்றைச் சேர்த்தால் விறைப்பு எழுபது சதவீதத்துக்கு மேல் கூடிவிடும். தொழில் கற்க வந்த அத்தனை பேருக்கும் நேர்கோட்டார் முதல் நாள் சொல்லும் பாடம் இது. அன்றைக்கு அவர் அந்தக் கணக்கைப் போடவில்லை. மானத்துக்கு ஒட்டுப்போடுபவர்கள் அளவுகோலைத் தேடுவதில்லை.

பாடம் முடிந்து வந்த மருமகளிடம், “கழுத்துல ஒரு சின்ன வேலை, ஞாயித்துக்கிழமை தர்றேன்” என்றார். அவள் நம்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை கம்பியை முறுக்கி, முதல் பாட்டின் முதல் வரியை வாசித்தவள் நிறுத்தினாள். சுருதியைச் சரிபார்த்தாள். மறுபடி வாசித்தாள்.

“ஏங்க, இங்க வாங்களேன்.”

கணவர் பல் துலக்கிக்கொண்டே வந்தார்.

“இதைக் கேளுங்க.”

“சளி பிடிச்ச மாதிரி இருக்கு.”

“சளி இல்லை. செத்துப்போச்சு.”

அவர் வாயைக் கொப்பளித்துவிட்டு, பையிலிருந்து நோயாளிகளின் வாய்க்குள் விடும் சிறிய கண்ணாடியையும் கைவிளக்கையும் எடுத்துவந்தார். தந்திகளை ஒதுக்கிக் கண்ணாடியை ஒலித்துளைக்குள் விட்டுத் திருப்பினார்.

“புதுசா ரெண்டு இருக்கு” என்றார். “மத்த கட்டையெல்லாம் பழுப்பு. இது ரெண்டு மட்டும் பால்பல் மாதிரி வெள்ளையா இருக்கு.”

நேர்கோட்டார் கூடத்தில் செய்தித்தாளால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மருமகள் எதிரே வந்து நின்றாள்.

“மாமா, உள்ள என்ன ஒட்டுனீங்க?”

“இப்பதான் சரியா இருக்கு.”

“என்ன ஒட்டுனீங்கன்னு கேட்டேன்.”

“உங்க அப்பா என் கிட்டாரைப் பாராட்டினாரு. எதுக்கு? நான் அதுக்குள்ள எதை வைக்கலையோ அதுக்கு! இல்லாததைப் பாராட்டிட்டுப் போயிட்டாரு. நான் வாயை மூடிக்கிட்டு வாங்கிக்கணுமா?”

“வியாழக்கிழமை எனக்குத் தேர்வு மாமா.”

“தேர்வுக்கு எந்தக் கிட்டாரை எடுத்துக்கிட்டுப் போறே? என் கிட்டாரையா, அவர் காதுல கேட்ட கிட்டாரையா?”

“கம்பி கட்டினா சத்தம் வர்ற கிட்டாரை!” என்று சமையலறையிலிருந்து பாய்ந்து வந்தார் மனைவி. “உங்களை யாரு இப்ப உத்தமமான கிட்டார் கேட்டா? ஜெயிச்ச குதிரை நேராத்தான் ஓடிச்சான்னு பார்க்கக் காலை ஒடிச்சுப் பார்ப்பீங்களா?”

“ஒடிக்கலை. பலப்படுத்தினேன்.”

“அதைத்தான் சொல்றேன்.”

கிட்டார்காரி அங்கே நிற்கவில்லை. தோற்ற கிட்டாரும் நல்ல கிட்டார்தான். கழுத்து கொஞ்சம் அகலம், சமாளிக்கலாம். பத்து நிமிடத்தில் பட்டறைக்குப் போய்ச் சேர்ந்தாள். ஞாயிறாக இருந்தும் தடுப்பின் இடது பக்கம் விளக்கு எரிந்தது. வேலைமேசையில் ஈரத்துணியும் சூடான தகட்டுக் கத்தியும் கிடந்தன. கிட்டாரின் முதுகுப்பலகை சுவரில் சாய்ந்திருந்தது. மேல்பலகை, உள்கட்டைகள் மேலே தெரியும்படி மல்லாந்து கிடந்தது. உடலின் பக்கப்பலகைகள் மட்டும் வளையம்போலத் தனியே நின்றன.

“என்னப்பா இது?”

“ஏன் தோத்துச்சுன்னு பார்க்க வேண்டாமா?” என்றார் பள்ளத்தார்.

“பார்த்தீங்களா?”

“பார்த்தேன்.”

“ஏன்?”

பள்ளத்தார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ஒண்ணும் தெரியலைமா. எல்லாம் சரியாத்தான் இருக்கு.”

அவள் மடக்கு நாற்காலி ஒன்றை இழுத்து உட்கார்ந்தாள். பதினொரு வருடம் காத்திருந்த இடத்துக்கு நான்கு நாள் இருந்தது. ஒரு கிட்டார் விறைத்துக் கிடந்தது, ஒன்று பிரேதப் பரிசோதனையில் கிடந்தது. கடைக் கிட்டார் ஒன்றை நான்கு நாளில் கைக்குப் பழக்குவது நடக்காத காரியம். அவள் அழுவாள் என்று பள்ளத்தார் எதிர்பார்த்தார், ஆறுதலுக்கு இரண்டு வாக்கியங்கள் தயாராகவும் வைத்திருந்தார்.

“வஜ்ஜிரப் பசை சூட்டுக்கு இளகும்தானே?” என்றாள் அவள்.

“இளகும். ஆனா பொறுமை வேணும். ஒலித்துளைக்குள்ள கைவிட்டு, கண்ணுக்குத் தெரியாம…” பள்ளத்தார் எழுந்து நின்றார். “நான் வந்து எடுத்துத் தர்றேன்.”

“நீங்க வேண்டாம். மாமாவும் வேண்டாம்.”

திங்கட்கிழமை மதியம் ஒன்றரைக்குப் பல் மருத்துவமனையின் கதவில் ‘இடைவேளை’ அட்டை தொங்கியது. நோயாளி நாற்காலி முழுவதுமாகச் சாய்க்கப்பட்டு, அதில் கிட்டார் மல்லாந்து படுத்திருந்தது. மேலே விளக்கு. மருத்துவர் முகமூடி போட்டிருந்தார்; பழக்கம். மெழுகு இழைக்கும் சின்னக் கத்தியை விளக்குச் சுடரில் காட்டி, பஞ்சுத் தண்ணீரில் தொட்டு, கண்ணாடியைப் பார்த்தபடி உள்ளே விட்டார். கிட்டார்காரி கைவிளக்கைப் பிடித்தாள்.

வெளியே காத்திருப்போர் அறையில் இரண்டு சம்பந்திகளும் அடுத்தடுத்த நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். எதிரே, இடைவேளைக்கு முன்பே வந்துவிட்ட ஒருவர், வீங்கிய கன்னத்தைக் கையால் தாங்கிக்கொண்டிருந்தார்.

“நம்ம பிள்ளைங்க பொறந்தப்போ கூட நாம இப்படிக் காத்திருந்தது இல்லை” என்றார் பள்ளத்தார்.

“பேசாதீங்க சம்பந்தி. உங்க வாயாலதான் வந்துச்சு.”

“நான் என்ன பண்ணேன்? நல்லா இருக்குன்னேன். அது குத்தமா?”

“ஆழம்னீங்க.”

“ஆழமாத்தானே இருந்துச்சு!”

“டேய்! அதுல ஆழம் இல்லைடா!”

“டேய், எனக்குக் காது இருக்குடா!”

கன்னம் வீங்கியவர் ஒரு கையை உயர்த்தினார். பேச முடியவில்லை. ஆனால் அவர் கேட்க விரும்புகிறார் என்று இருவரும் புரிந்துகொண்டார்கள். பள்ளத்தார் நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தி, குடைந்த கட்டையின் நன்மைகளை விரல்விட்டுச் சொல்லத் தொடங்கினார். நேர்கோட்டார் மறுபக்கம் நகர்ந்து ஒவ்வொன்றையும் மறுத்தார். இடையிடையே இரண்டு பேரும் மூடிய கதவைப் பார்த்துக் கத்தினார்கள்.

“தம்பி, கத்தியை ரொம்பச் சுட வைக்காதே, பலகை விரியும்!”

“மாப்ளே, ஈரம் ஜாஸ்தி ஆயிடப் போகுது!”

முதல் பட்டைக்கு மட்டும் மருத்துவருக்கு இருபது நிமிடம் ஆயிற்று. அது நழுவி, நாக்குக் குச்சி போல வெளியே வந்தது. இரண்டாவது பிடிவாதம் பிடித்தது. அரை மணி நேரத்துக்குப் பிறகு ‘டிக்’ என்று ஒரு சத்தம். மருத்துவர் முகமூடியை இறக்கினார்.

“வந்துடுச்சு” என்றார். “வேரும் கொஞ்சம் சேர்ந்து வந்துடுச்சு.”

பட்டையோடு, அடியிலிருந்த பழைய கட்டையிலிருந்தும் ஒரு சிராய் பிய்ந்து வந்திருந்தது, பெருவிரல் நகம் அளவுக்கு.

கதவு திறந்ததும் சம்பந்திகள் இருவரும் ஒரே நேரத்தில் நுழைய முயன்று நிலையில் சிக்கினார்கள். பள்ளத்தார்தான் முதலில் கண்ணாடியைப் பிடுங்கி உள்ளே பார்த்தார்.

“பள்ளம்!” என்றார். “ஒரு காலில அழகா ஒரு பள்ளம்!”

“அது பள்ளம் இல்லை, காயம்” என்றார் நேர்கோட்டார். “குடுங்க இப்படி. ஒரு உப்புத்தாள் தேய்ப்பு தேய்ச்சா சமமாயிடும்.”

“கையை எடுங்க மாமா.”

அவள் அந்தக் குரலில் பேசி அதுவரை யாரும் கேட்டதில்லை. நேர்கோட்டார் கையை எடுத்தார்.

அவள் கம்பியை ஏற்றிச் சுருதி சேர்த்து, நோயாளி நாற்காலியின் ஓரத்தில் உட்கார்ந்து வாசித்தாள். கிட்டார் திறந்து ஒலித்தது. ஞாயிறன்று இருந்த அடைப்பு போயிருந்தது. பழைய ஒலி அப்படியே திரும்பியதா, கொஞ்சம் மாறியிருந்ததா என்று அங்கிருந்தவர்களில் யாராலும் சொல்ல முடியாது. இரண்டு பேர் சொன்னார்கள். ஒருவர் ஆழம் கூடியிருக்கிறது என்றார், மற்றவர் தெளிவு கூடியிருக்கிறது என்றார். கன்னம் வீங்கியவர் வாசலில் நின்று, மூடிய வாயால், “எப்போ முடியும்?” என்று கேட்டார்.

அவள் கிட்டாரை எக்ஸ்ரே அறைக்குள் வைத்துப் பூட்டிச் சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டாள். செவ்வாயும் புதனும் அந்த அறைக்குள்ளேயே பயிற்சி செய்தாள். பல் பிடுங்க வந்தவர்களுக்கு அந்த இரண்டு நாள் சங்கீதம் இலவசம். நேர்கோட்டார் ஒரு தடவை வந்து, ஈறு வலிக்கிறது, எக்ஸ்ரே எடுக்கவேண்டும் என்றார். மகன் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, ஈறு நன்றாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பினார்.

மே 2, வியாழன் காலை பதினொன்று நாற்பதுக்கு அவள் பெயர் கூப்பிடப்பட்டது. ஒன்பது பேரில் அவள் ஆறாவது. திரைக்குப் பின்னால் உட்கார்ந்து எட்டு நிமிடம் வாசித்தாள். பிறகு நிலையத்தின் வயலினும் தாளக்கருவியும் சேர, கொடுத்த தாளைப் பார்த்து இன்னும் எட்டு நிமிடம். திரைக்கு அந்தப் பக்கம் இருந்த மூன்று பேரில் ஒருவர் இருமினார். வேறு எந்தச் சத்தமும் வரவில்லை.

மே 17-ஆம் தேதி கடிதம் வந்தது. அவள் தேர்வாகியிருந்தாள். மதிப்பெண் தாளின் நகல் கூட இருந்தது. தாளம் முப்பது, பார்த்து வாசித்தல் முப்பது, குழுவோடு இணைந்து வாசித்தல் நாற்பது. மொத்தம் நூறில் அவளுக்கு எண்பத்து நான்கு, அடுத்து வந்தவருக்கு எண்பத்தொன்று. பள்ளத்தாரும் நேர்கோட்டாரும் தாளை ஆளுக்கு இரண்டு தடவை வாங்கிப் படித்தார்கள். வாத்தியத்தின் ஒலிக்கு என்று அதில் கட்டம் இல்லை. தாளைத் திருப்பியும் பார்த்தார்கள். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

ஜூன் 3-ஆம் தேதி, திங்கட்கிழமை, அவள் வேலையில் சேர்ந்தாள்.